கனம் வேறு, பலம் வேறு

சென்ற வாரம் ஒரு நாள், கடையில் வாங்கிய 1 அங்குலக் கனமுள்ள தெர்மாக்கோல் பலகையிலிருந்து 2 அடி நீளமும் 4 அங்குல அகலமுமாக இரண்டு துண்டுகளை அறுத்தெடுத்து, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றின் இரு முகங்களிலும் பழைய கெட்டி வேட்டித் துணியைத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டி, இரண்டு நாள் உலர வைத்தேன். பிறகு இரண்டையும் முனைகளில் தாங்கல் கொடுத்துப் பாலம்போல் அமைத்து, நடுவே செங்கல் ஏற்றினேன். வெறுந்துண்டு முதல் செங்கல்லிலேயே படக்கென்று முறிந்தது. துணி போர்த்திய துண்டோ இரண்டு செங்கற்களைத் தாங்கிக்கொண்டு, சற்றே வளைந்து நின்றது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பாரம் ஏறும்போது பலகையின் மேல்முகம் நெருக்குண்கிறது, கீழ்முகம் இழுபடுகிறது. இவ்விரண்டையும் பசையில் ஊறி இறுகிய துணி ஏற்றுக்கொள்ள, இரு துணிகளையும் விலகாமலும் நெருங்காமலும் பிடித்து நிறுத்தும் கடமை ஒன்றே நடுவிலுள்ள தெர்மாக்கோல் நுரைக்கு எஞ்சுகிறது. இந்தத் தத்துவத்தை நம்பித்தான் அமெரிக்காவில் சாமானியக் குடும்பஸ்தர்கள் சிலர், காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லத்தக்க பிரயாண வீடுகளை நுரைப்பலகையால் தங்கள் கார் கொட்டகையிலேயே கட்டி, அவற்றை 'ஃபோமி' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

கட்டட வேலைக்கு அங்கே விற்கப்படும் நீல நிற அல்லது இளஞ்சிவப்பு நிற நுரைப்பலகை, 8 அடிக்கு 4 அடி, 2 அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 4 அல்லது 5 கிலோதான் இருக்கும். அதே நீள அகலமுள்ள முக்கால் அங்குல ஒட்டுப்பலகையோ 25 கிலோவுக்குக் குறையாது. இந்த நுரையின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, சிறிது தண்ணீர் விட்டு நெகிழ்த்திய மரப்பசையை உருளையால் பூசி, பெயிண்ட் அடிப்பவர்கள் தரையில் சிந்தாமல் விரிக்கும் பருத்திக் கித்தானை அதன்மேல் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுக்கிறார்கள். உலர உலரக் கித்தான் மத்தளத் தோல்போல விண்ணென்று இறுகுகிறது. அதன்பின் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்டை, முதல் பூச்சு இழைகளுக்குள் இறங்கும்படி நீர்க்கவும், அடுத்தவை கெட்டியாகவும் பூசிவிட்டால், மழை இறங்காத கவசம் தயார். 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்று அவர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயரில் தாழ்வு மனப்பான்மை இல்லை, பெருமிதமே இருக்கிறது.

பெருமிதத்துக்கு உரிய பரம்பரையும் இதற்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் படகுக்காரர்கள், மெல்லிய மரப் படகின்மேல் கித்தானை இழுத்துப் போர்த்தி, இழைகளின் இடைவெளிகளை அடைத்து, வர்ணம் பூசி ஆற்றில் விட்டார்கள். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' யுத்த விமானத்தின் உடல், மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே பால்சா என்னும் மிக லேசான மரத்தை வைத்து ஒட்டியது. அதன்மேல் போர்த்திய பருத்தித் துணிக்கு 'மடபொல்லம்' என்று பெயர். ஆந்திரத்தின் நரசாபுரத்தருகே, ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டசாலை வைத்திருந்த மாதவாயபாளையம் என்ற கிராமத்தின் பெயரே ஆங்கிலேயர் நாவில் அப்படித் திரிந்தது. கோதாவரிக் கரைக் கிராமத்தின் பெயர் தாங்கிய துணி ஆகாயத்தில் செய்த காரியத்தையே, இன்று கித்தான் நெடுஞ்சாலையில் செய்கிறது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். எடை மிகுந்ததே உறுதியானது, விலை மிகுந்ததே நம்பத்தக்கது என்ற எண்ணம் நம் காலத்தின் பெரிய மயக்கங்களில் ஒன்று. தொழிற்சாலையில் செய்த பிரயாண வண்டி பெரும்பாலும் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடுகிறது; அதை இழுக்கப் பெரிய மோட்டார் வண்டி, அந்த வண்டிக்குக் கடன், கடனுக்கு வட்டி என்று, ஓய்வைத் தேடிப் புறப்பட்டவன் ஓய்வின்றி உழைக்க நேரிடுகிறது. கையிலிருக்கும் சிறிய காரே இழுக்கும் அளவுக்கு வீட்டை லேசாக்கிக்கொள்பவன், தன் விடுமுறையைக் கடன்காரனிடமிருந்து மீட்டுக்கொள்கிறான். தன் கையால் ஒட்டியதை எங்கே கிழிந்தாலும் தானே செப்பனிட முடியும் என்ற தைரியம் அவனுக்குக் கிடைக்கும் உபரி லாபம்.

ஆனால் இதை மெச்சுகிறவன் இதன் அபாயங்களை மறைப்பது அதர்மம். இந்த நுரை தீப்பற்றினால் கரும்புகை கக்கி எரியும். பெட்ரோலும் ஃபைபர்கிளாஸ் பிசின்களில் சிலவும் பட்டால் கரைந்துபோகும். கருநிறம் பூசிக் கடும் வெயிலில் நிறுத்தினால் சூட்டில் இளகும். ஆகையால் வெளியே வெளிர்நிறம், உள்ளே அடுப்பு கூடாது, காற்றோட்டத்துக்குத் துவாரம், தப்பிக்க இரண்டாவது வழி, காற்று தூக்கிச் செல்லாதபடி இரும்புச் சட்டத்தோடு திடமான பிணைப்பு ஆகியவற்றில் எள்ளளவும் சமரசம் ஆகாது. சிக்கனம் பொருளில் இருக்கலாம்; ஜாக்கிரதையில் இருத்தல் ஆகாது.

செங்கற்களை இறக்கிவிட்டு என் தெர்மாக்கோல் துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறு கிலோவைத் தாங்கி நின்ற அது, நூறு கிராம்கூட இல்லை.