அப்பா ஆபரேஷன் செய்தாரா, செய்துகொண்டாரா?

துறையூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிற ஒருவர், அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள இரண்டு நாள் லீவு கேட்டு மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மை ஃபாதர் டிட் அன் ஆபரேஷன்’ என்று எழுதுகிறார். மேனேஜர் தமிழர் என்றால் சட்டென்று புரிந்துகொள்வார். லண்டன்காரர் என்றால், ‘அப்பா சர்ஜன் போலிருக்கிறது, அதற்கு மகனுக்கு எதற்கு லீவு?’ என்று குழம்பக்கூடும்.

தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. டாக்டர் ஆபரேஷன் ‘செய்தார்’, அப்பா ‘செய்துகொண்டார்’. அந்தக் ‘கொண்டார்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ செய்கிறது. ‘ஹி ஹாட் அன் ஆபரேஷன்’ என்பதே சரி. ‘அண்டர்வென்ட்’டும் போடலாம். ஊசிக்கும் இதேதான். நர்ஸ் ‘கிவ்’ பண்ணுவார், நாம் ‘ஹேவ்’ பண்ணுவோம். இரண்டு இடத்திலும் ‘புட்’ வேண்டாம்.

‘புட்’ எங்கிருந்து வருகிறது? நம்முடைய ‘போடு’விலிருந்துதான். டீ, கணக்கு, கையெழுத்து, ஓட்டு, சத்தம் என்று நமக்கு எல்லாமே ‘போடு’தான். ஆங்கிலத்தில் டீயும் சத்தமும் ‘மேக்’, கணக்கு ‘டூ’, ஓட்டு ‘காஸ்ட்’. கையெழுத்துக்கு ‘சைன்’ என்ற ஒற்றைச் சொல்லே வினை. சட்டைக்கும் லைட்டுக்கும் மட்டும் ‘புட் ஆன்’ அழகாகப் பொருந்துவதால், மற்றதற்கும் பொருந்தும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. தப்பு ‘பண்ணுகிறோம்’ என்பதால் ‘டூ அ மிஸ்டேக்’ என்றும் எழுதிவிடுகிறோம். அதற்கு ‘மேக்’. பொய்க்கு ‘சே’ அல்ல, ‘டெல்’.

துறையூரில் பஸ் ஏறுவது ‘கெட் ஆன்’, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவது ‘கெட் ஆஃப்’. ஆனால் ஆட்டோ, கார் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நாம் எல்லாவற்றுக்கும் ‘கெட் டவுன்’ என்கிறோம். இந்தியாவில் அது யாருக்கும் புரியும், வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

‘ரைட் அன் எக்ஸாம்’ என்றால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட அப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் ‘சிட்’, ‘டேக்’ இரண்டும் உண்டு. இந்தி பேசுபவர்கள் ‘கிவ்’ என்பார்கள். பிரிட்டிஷ் காதுக்கு அது வாத்தியார் பரீட்சை வைப்பது போலக் கேட்கும்.

இதற்கு இலக்கண விதி தேடிப் பயனில்லை. புதிதாக ஒரு பெயர்ச்சொல் படித்தால், கூட வரும் வினையையும் சேர்த்தே நோட்டில் எழுதிவையுங்கள். சந்தேகம் வந்தால் 2002-ல் முதலில் வெளிவந்த ‘ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன்ஸ் டிக்‌ஷனரி’யில் அந்தப் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எந்த வினை அதோடு சேரும் என்று அங்கேயே இருக்கும்.