கிணறு ஊருக்கு, கயிறு யாருக்கு?

இணையதளம் உருவாக்கும் நிரலாளர்கள் கூடுகிற மாநாட்டில் நமக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நிறுவனங்கள் கடை விரிக்கும் சந்தை அது, ஆங்கிலம் பேசும் நடுத்தர வர்க்கத்தின் ஒன்றுகூடல் அது என்பது அவர்களது கணிப்பு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கூலி பெறாத உழைப்பால் எழுந்த பெரும் பொதுச்சொத்து ஒன்று, அதை எழுப்பியவர்களின் கண்முன்னாலேயே யாருடைய பிடிக்குள் போகிறது என்பதை அங்கே நேரில் காணலாம். அந்த இடத்தை முதலாளிகளுக்கு விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது சரியல்ல என்பதே என் கருத்து.

வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பின்றிக் கிடந்த ஒரு கட்டற்ற மென்பொருளிலிருந்து மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வளர்த்தெடுத்து, 2003 மே மாதம் வெளியிட்டது அது. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானவை அதில்தான் இயங்குகின்றன. எவரும் அதைப் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். திருத்தியதை வழங்கும்போது அதே உரிமைகளோடுதான் வழங்கவேண்டும். குனூ பொது உரிமம் விதிக்கும் நிபந்தனை இது. அறிவை வேலியிட்டு அடைக்கும் பதிப்புரிமைச் சட்டத்தையே அந்த வேலிக்கு எதிராகத் திருப்பிய ஏற்பாடு என்பதால் இதன்மீது நமக்கு மதிப்பு உண்டு.

இம்மென்பொருளைச் சார்ந்து வாழ்வோர் கூடும் மாநாட்டுக்கு வேர்ட்கேம்ப் என்று பெயர். 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. இந்திய நகரங்கள் பலவற்றிலும் நடந்துவருகிறது. ஆசிய அளவிலான மாநாடு 2023இல் பாங்காக்கிலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தைபேயிலும் மணிலாவிலும் கூடியது. 2026க்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரம் மும்பை. அதற்கென அறிவிக்கப்பட்ட இடம் ரிலையன்ஸ் குழுமத்தின் ஜியோ உலக மாநாட்டு மையம். பொதுச்சொத்தைக் கொண்டாட ஏகபோக முதலாளியின் கூடம்! இம்முரண்பாடு தற்செயலானதன்று, அந்த இயக்கத்தின் உள்ளேயே இருக்கிறது.

மேசையில் நடக்கும் உழைப்பு

இம்மாநாடுகளில் உரைகளுக்கு அப்பால் பங்களிப்பு நாள் என்று ஒன்று உண்டு. நிரல் எழுதுவோர், ஆவணம் எழுதுவோர், பார்வையற்றோரும் பயன்படுத்தும் வகையில் மென்பொருளைச் சீராக்குவோர் எனத் தனித்தனி மேசைகளில் அமர்ந்து நாள் முழுதும் வேலை செய்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கும் ஒரு மேசை உண்டு. கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நான் அப்படியொரு மேசையில் அமர்ந்திருக்கிறேன். மராத்தியும் வங்காளமும் இந்தியும் ஒரே நேரத்தில் உருவாகிக்கொண்டிருந்த மேசை அது.

அந்த வேலை எளிதன்று. ஒரு பொருளை நீக்கச் சொல்லும் கட்டளையில், பொருளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியை மட்டும் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுகிறது. 'படம்' என்பது அத்துச் சாரியை பெற்றுப் 'படத்தை' ஆகவேண்டும். 'கோப்பு' என்பது 'கோப்பை' ஆகவேண்டும். கணினியோ குறியின் பின்னால் உருபை அப்படியே ஒட்டிப் 'படம்ஐ' என்று காட்டும். எனவே தொடரையே மாற்றி, உருபு வராத செயப்பாட்டு வினையில் அமைக்கவேண்டும். இவ்வாறு ஆயிரக்கணக்கான தொடர்கள்; ஒவ்வொரு புதிய பதிப்பிலும் இன்னும் பல. கல்லூரி மாணவரும் சிறு நகரத்தில் தனியாளாகத் தளம் அமைத்துப் பிழைப்பவரும் இந்த வேலையைக் கூலியின்றிச் செய்கிறார்கள். அவர்களது மொழிப்பற்றும் தோழமையும் போற்றத்தக்கவை. ஆனால் அந்த உழைப்பின் பலன் எங்கே சேர்கிறது என்னும் கேள்வியை அம்மேசையில் யாரும் எழுப்புவதில்லை.

பலன் பெறும் நிறுவனங்கள் தம் உழைப்பாற்றலில் 5 விழுக்காட்டையேனும் இதற்குத் திருப்பித் தரவேண்டும் என்று 2014இல் முல்லன்வெக் வேண்டுகோள் விடுத்தார். வேண்டுகோள் மட்டுமே; கட்டாயம் ஏதுமில்லை. எத்தனை முதலாளிகள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இரண்டு மூலதனங்களின் மோதல்

2024 செப்டம்பரில் திரை விலகியது. முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனத்துக்கும், சில்வர் லேக் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனத்தின் பிடியில் உள்ள டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் மோதல் வெடித்தது. வணிகக்குறிக்கு ஈடாக டபிள்யூபி எஞ்சினின் வருவாயில் 8 விழுக்காடு கேட்கப்பட்டது. அது மறுத்தவுடன், மென்பொருளின் புதுப்பிப்புகளையும் செருகுநிரல்களையும் வழங்கும் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தின் கதவு அதற்கு அடைக்கப்பட்டது. அக்டோபரில், இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் பயன்பட்ட அந்நிறுவனத்தின் செருகுநிரல் ஒன்று, அத்தளத்தில் வேறு பெயரில் ஆட்டோமேட்டிக் தரப்பின் கைக்குப் போயிற்று. டபிள்யூபி எஞ்சினோடு தொடர்பில்லை என்று உறுதியளித்தால்தான் பங்களிப்பாளர்களே உள்ளே நுழைய முடியும் என்ற நிலையும் வந்தது. டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், பறிக்கப்பட்ட அணுகலைத் திருப்பித் தருமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

அந்தத் தளம் பொது அமைப்புக்கு உரியது என்றே பலர் நம்பியிருந்தனர். அது முல்லன்வெக்கின் சொந்த உடைமை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வணிகக்குறி 2010இல் அறக்கட்டளை ஒன்றுக்கு மாற்றப்பட்டபோதே, அதன் வணிகப் பயன்பாட்டு உரிமை முழுவதும் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பியிருந்தது. கிணறு ஊருக்குப் பொது. கயிறும் வாளியும் ஒருவர் வீட்டில். உரிமம் நிரலைக் காத்தது; நிரலைக் கொண்டுசேர்க்கும் வழங்கியையும் பெயரையும் அதனால் காக்க முடியவில்லை. உற்பத்திப் பொருள் பொதுவாக இருந்தாலும் உற்பத்திச் சாதனம் தனியாரிடம் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. இரு முதலாளிகளில் யார் நல்லவர் என்பதன்று நமது கேள்வி. இத்தனை ஆண்டுகள் உழைத்த பல்லாயிரம் தொண்டர்களுக்கு இதில் ஒரு வாக்குக்கூட ஏன் இல்லை என்பதே கேள்வி.

ஒதுங்கி நிற்பது தீர்வன்று

முதலாளிகளின் சண்டையில் நாம் ஏன் தலையிடவேண்டும் என்று கேட்கும் தோழர்களுக்கு நம் வரலாறே விடை சொல்லும். 2004 டிசம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு கொண்டுவந்த காப்புரிமை அவசரச் சட்டம், மென்பொருளுக்கும் காப்புரிமை வழங்கக் கதவைத் திறந்தது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அதன் ஆபத்தை எடுத்துரைத்தனர். வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகள் அந்தக் குரலை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசென்றன. 2005இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. நிரலாளரின் தொழிலறிவும் கட்சியின் அரசியல் வலிமையும் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது. கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடப்பதும் அத்தகைய கூட்டுறவின் பயனே.

எனவே தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர்கள் இம்மாநாடுகளுக்குச் செல்லவேண்டும். துண்டறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்காக அல்ல. மேசையில் அமர்ந்து வேலை செய்வதற்காக. வேலையில் தோள்கொடுப்பவரின் பேச்சுக்குத்தான் அங்கே காது கிடைக்கும். அதன்பின் எழுப்பவேண்டிய கேள்விகள் மூன்று. வழங்கியும் வணிகக்குறியும் பங்களிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பின்கீழ் வருமா? கூலியில்லா உழைப்பால் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதற்குரிய பங்கைக் கட்டாயமாகச் செலுத்துமா? மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் நிரல் மக்களுக்குப் பொதுவாகுமா?

நம் சங்கங்களும் ஏடுகளும் இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்தும்போது, பெற்றதற்கு ஈடாக மொழிபெயர்ப்பையேனும் திருப்பித் தருவது நம் கடமை. தமிழில் இன்னும் எத்தனையோ தொடர்கள் தமிழாக்கத்துக்குக் காத்திருக்கின்றன. தமிழறிந்த தோழர்களுக்கு அந்த மேசையில் இடமும் உண்டு, வேலையும் உண்டு.