கருப்பட்டியும் வாங்குவோர் ருசியும்

பிரான்ஸ் தேசத்து ஷாம்பேன் பிரதேசத்தில் சிறு திராக்ஷைத் தோட்டக்காரர்கள் வெகுகாலம் தங்கள் பழத்தைப் பெரிய மது வியாபாரிகளுக்கே விற்றுவந்தனர். அவ்வியாபாரிகள் வெளிப்பிரதேசப் பழத்தைக் கலந்ததைப் பொறாமல் 1911-ல் கலகமும் விளைத்தனர். இக்காலத்தில் அவர்களுள் அநேகர் சொந்தப் பெயரிலேயே மது தயாரித்து விற்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யருக்காக ஏராளமாய்ச் சேர்க்கப்பட்ட சர்க்கரையை, மண்ணின் ருசியை அது மறைக்கிறதென்று, அறவே நீக்கினோரும் அவர்களில் உளர்.

அந்த மது இந்நாட்டுக் குடியானவருக்கு வேண்டுவதன்று. அந்த விவேகம் வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை முதலிய இடங்களில் கருப்பட்டிக் காப்பியைக் கேட்டு வாங்குவோர் பெருகியுள்ளனர். ஆனால் பதநீரோடு மலிவான சீனியைச் சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டியென்றே விற்கும் வழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. தினம் இருவேளை மரமேறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் பனையேறிக்கு இது பெருந்துரோகம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயர் கலப்பற்ற சரக்கினால்தான் நிலைக்கும்.

செங்கற்பட்டு ஜில்லாவில் வரப்புப் பனை உடைய பட்டாதாரர்கள், மரத்தைச் சூளைக்கு விற்பதை விட்டு, உரிய அனுமதியுடன் பனையேறிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்து, சீனி கலவாத கருப்பட்டியைத் தம் கிராமத்தின் பெயரிட்டே தாம்பரத்துக்கு அனுப்பலாம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டுமென்று 2021-ல் சர்க்கார் அறிவித்திருக்கிறது. வெட்டிய பிறகு கிராம உத்தியோகஸ்தர் விசாரிக்க வருவதில் யாருக்கும் பயனில்லை.