ஒன்பது மாத சீசன், இரண்டு நாள் முடிவு

2025 ஜூன் 1ஆம் தேதி, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் உள்ள எம்விஎம் டோம் அரங்கில், அந்நாட்டின் ஜியோர் அணி டென்மார்க்கின் ஓடன்சே அணியை 29-27 என்ற கணக்கில் வென்றது. ஐரோப்பியப் பெண்கள் ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் கோப்பை ஏழாவது முறையாக ஜியோருக்குப் போனது. செய்தியாக வந்தால் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பின்னால் முந்தைய செப்டம்பரில் தொடங்கிய ஒரு முழு சீசன் இருக்கிறது. அந்த சீசன் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் முடிவின் பொருள் விளங்கும்.

முதலில் ஆட்டம். ஹேண்ட்பால் ஆடுகளம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. கூரையுள்ள அரங்கில் ஆடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். கோல் சட்டம் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அதற்கு முன்னால் ஆறு மீட்டர் தொலைவில் வளைந்த கோடு ஒன்று உண்டு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் பதிக்கக் கூடாது. அதனால்தான் ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே பந்தை எறிகிறார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காலடிக்கு மேல் நடக்க முடியாது. மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆட்டம் முப்பது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஐம்பது, அறுபது கோல்கள் போடுவது சாதாரணம்.

இந்தக் கோல் எண்ணிக்கை முக்கியமானது. கால்பந்தில் ஒரே கோல் ஆட்டத்தை முடித்துவிடலாம். வலுவில்லாத அணி ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கலாம். ஹேண்ட்பாலில் ஓர் அணிக்கு ஏறத்தாழ ஐம்பது முறை பந்து கிடைக்கிறது. வாய்ப்புகள் பெருகும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. ஆகவே திறமை வேறுபாடு அட்டவணையில் சீக்கிரம் தெரிந்துவிடும். சீசனை வடிவமைப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு. 1991இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் தலைமையகம் வியன்னாவில் இருக்கிறது. போட்டி அதைவிடப் பழையது. 1961இலேயே பெண்கள் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை ருமேனியாவின் ஒரு புக்கரெஸ்ட் அணி வென்றிருக்கிறது. பிறகு சோவியத் காலத்தில் ஸ்பார்ட்டக் கீவ் அணி பதின்மூன்று முறை வென்றது. அதையடுத்து ஆஸ்திரியாவின் ஹிப்போ அணி எட்டு முறை வென்றது. 1993-94 சீசனிலிருந்து போட்டிக்குச் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர்.

இன்றைய வடிவம் 2020-21இல் வந்தது. பதினாறு அணிகளுக்கு இடம் உண்டு. அந்த இடங்கள் இரண்டு வழிகளில் நிரம்புகின்றன. தரவரிசையில் மேலே உள்ள நாடுகளின் லீக் சாம்பியன்கள் உரிமையாகவே உள்ளே வருகிறார்கள். மீதி இடங்களுக்குக் கிளப்புகள் விண்ணப்பிக்க வேண்டும். அரங்கத்தின் தரம், பார்வையாளர் எண்ணிக்கை, தொலைக்காட்சி வசதி, முந்தைய ஆண்டுகளின் ஆட்டம் போன்றவற்றைப் பார்த்துக் கூட்டமைப்பு முடிவெடுக்கிறது. அதனால் ஒரு நாட்டிலிருந்து இரண்டு அணிகள் வரலாம். வேறொரு நாட்டின் சாம்பியனுக்கு இடம் கிடைக்காமலும் போகலாம்.

பதினாறு அணிகளும் எட்டு எட்டாக இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன. இதுவே குழுச் சுற்று. ஒவ்வோர் அணியும் தன் குழுவில் உள்ள மற்ற ஏழு அணிகளையும் இரண்டு முறை சந்திக்கிறது. ஒரு முறை சொந்த ஊரில், ஒரு முறை எதிரணியின் ஊரில். ஆக, பதினான்கு ஆட்டங்கள். வென்றால் இரண்டு புள்ளிகள், சமனுக்கு ஒன்று. செப்டம்பரில் தொடங்கும் இந்தச் சுற்று பிப்ரவரி வாக்கில் முடிகிறது.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் என்ன செய்வது? சுற்று முடிந்த பிறகு, அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களையே முதலில் பார்க்கிறார்கள். ஒன்றையொன்று எதிர்த்த ஆட்டங்களில் யாருக்குப் புள்ளி அதிகம், யாருக்குக் கோல் வித்தியாசம் அதிகம் என்பதே கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு: முதல் சந்திப்பில் ஓர் அணி ஆறு கோல் வித்தியாசத்தில் வென்றது, இரண்டாவதில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது. இரண்டு அணிகளும் ஒரே புள்ளியில் முடித்தால் முதல் அணியே மேலே நிற்கும். அதனால்தான் தோல்வி உறுதியான பிறகும் கடைசி நிமிடத்தில் ஓர் அணி உயிரைக் கொடுத்து ஆடுகிறது. அந்த ஒரு கோலின் மதிப்பு மூன்று மாதம் கழித்துத் தெரியலாம்.

குழுவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராகக் காலிறுதிக்குப் போகிறார்கள். மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்கள் பிளே-ஆஃப் ஆட வேண்டும். பிளே-ஆஃப் என்பது காலிறுதிக்கு முந்தைய தகுதிச் சுற்று. ஏழாவது, எட்டாவது அணிகளுக்கு சீசன் அங்கேயே முடிகிறது. ஒரு குழுவின் மூன்றாம் அணி அடுத்த குழுவின் ஆறாம் அணியைச் சந்திக்கும். நான்காம் அணி ஐந்தாம் அணியைச் சந்திக்கும். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். இரண்டின் மொத்த கோல் கணக்கில் முந்துபவர் முன்னேறுகிறார். குழுவில் மேலே முடித்த அணிக்கு இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில். காலிறுதியும் இதே முறைதான்.

முதல் இரண்டு இடங்களுக்குப் போட்டி ஏன் அவ்வளவு கடுமை என்பது இப்போது புரியும். அந்த இடம் கிடைத்தால் இரண்டு கடினமான ஆட்டங்கள் மிச்சம். காயம்பட்டவர் குணமாகவும், மற்றவர் மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும். நேராகப் போகும் அணி கோப்பையை வெல்ல மொத்தம் பதினெட்டு ஆட்டம் ஆடினால் போதும். பிளே-ஆஃப் வழியாக வருபவர் இருபது ஆட வேண்டும். இதற்கு நடுவே உள்நாட்டு லீக்கும் கோப்பைப் போட்டியும் வேறு.

2024-25 சீசனில் இந்தச் சுமை கூடுதலாகவே இருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் ஹேண்ட்பால் இறுதி ஆட்டம் 2024 ஆகஸ்ட் 10ஆம் தேதி லில் நகரில் நடந்தது. நார்வே பிரான்சை 29-21 என்று வென்றது. அதில் ஆடியவர்களில் பலர் அடுத்த மாதமே கிளப் சீருடையில் இறங்கினார்கள். நவம்பர் கடைசியில் சாம்பியன்ஸ் லீக் நின்றது. ஆஸ்திரியா, ஹங்கேரி, சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து நடத்திய ஐரோப்பிய சாம்பியன்ஷிப் டிசம்பர் 15 வரை நீடித்தது. அங்கும் நார்வேதான் வென்றது. ஒற்றைப்படை ஆண்டுகளில் இதே டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப் வருகிறது. ஆகவே கிளப்புகளுக்கு இடைவேளையான மாதம், முன்னணி ஆட்டக்காரர்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான மாதமாகிறது.

அந்த சீசனின் பெரிய அதிர்ச்சி ஆடுகளத்துக்கு வெளியே நிகழ்ந்தது. 2025 ஜனவரியில் நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்தியான்சாண்ட் கிளப் திவாலானது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து இதே கோப்பையை வென்ற கிளப் அது. ஏழு முறை இந்தக் கோப்பையைக் கையில் ஏந்திய கோல்கீப்பர் கத்ரீனே லுண்டே, அவற்றில் கடைசி மூன்றையும் வென்றது வைப்பர்ஸ் சட்டையில்தான். அப்படிப்பட்ட அணி குழுச் சுற்றின் பெரும்பகுதி முடிந்திருந்த நேரத்தில் போட்டியிலிருந்து விலகியது.

நடுவில் ஓர் அணி விலகினால் அட்டவணை என்னாகும்? வைப்பர்ஸ் அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் நீக்கப்பட்டன. இதன் காரணம் எளிது. சில அணிகள் வைப்பர்ஸை இரண்டு முறை சந்தித்திருக்கும். சில ஒரு முறை மட்டுமே சந்தித்திருக்கும். முடிவுகளை அப்படியே விட்டால் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியவர்கள் ஆக மாட்டார்கள். ஆடாத ஆட்டங்களை எதிரணிக்கு வெற்றி என்று தந்தால், ஏற்கெனவே ஆடித் தோற்றவருக்கு அநியாயம். எல்லாவற்றையும் நீக்கினால் மீதமுள்ள ஏழு அணிகளும் தலா பன்னிரண்டு ஆட்டங்கள் என்ற சமநிலைக்கு வருகின்றன.

ஆனால் இந்தச் சமநிலைக்கும் விலை உண்டு. வைப்பர்ஸை உழைத்து வென்றவர்களின் புள்ளிகள் மறைந்தன. வைப்பர்ஸிடம் தோற்றவர்களுக்கு அந்தத் தோல்வி துடைக்கப்பட்டது. எட்டில் ஆறு பேர் முன்னேறும் குழு, ஏழில் ஆறு பேர் முன்னேறும் குழுவாகச் சுருங்கியது. எந்த விதியைக் கைக்கொண்டிருந்தாலும் யாரோ ஒருவருக்கு இழப்பு நேர்ந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதே இந்த விதியின் நியாயம்.

காலிறுதிகள் முடிந்தபோது ஜியோர், ஓடன்சே, பிரான்சின் மெட்ஸ், டென்மார்க்கின் எஸ்பியர்க் ஆகிய நான்கு அணிகள் எஞ்சின. இங்கிருந்து போட்டியின் தன்மையே மாறுகிறது. 2013 வரை இறுதிப் போட்டியும் இரண்டு ஊர்களில் இரண்டு ஆட்டமாகவே நடந்தது. 2014இல் ஃபைனல் ஃபோர் முறை வந்தது. நான்கு அணிகளும் ஒரே நகரில், ஒரே வார இறுதியில் கூடுகின்றன. சனிக்கிழமை அரையிறுதிகள், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் இறுதி ஆட்டமும். அரையிறுதியில் யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. முதல் ஆண்டு முதலே இது புடாபெஸ்ட்டில்தான் நடக்கிறது. கொரோனாவால் 2020இல் மட்டும் நடக்கவில்லை.

எட்டு மாதங்களாக நிதானத்தையும் தொடர்ச்சியையும் சோதித்த போட்டி, கடைசி இரண்டு நாட்களில் வேறொன்றைச் சோதிக்கிறது. சனிக்கிழமை அறுபது நிமிடம் ஓடிய கால்கள் அடுத்த நாளே மீண்டும் அறுபது நிமிடம் ஓட வேண்டும். இங்கே மாற்று ஆட்டக்காரர்களின் தரம்தான் பேசும். இரண்டாவது ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்ற வாய்ப்பும் இல்லை. ஆனால் இதே முறைதான் இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கை நிரப்புகிறது. பெண்கள் கிளப் விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய கூட்டம் சேரும் இடங்கள் ஐரோப்பாவில் குறைவு.

புடாபெஸ்ட்டிலேயே நடத்துவது ஹங்கேரி அணிகளுக்குச் சாதகம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. ஜியோர் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கூட்டம் அவர்கள் பக்கம் நிற்பதில் வியப்பில்லை. எனினும் 2016இல் ருமேனியாவின் சிஎஸ்எம் புக்கரெஸ்ட் அதே நகரில் ஜியோரை இறுதியில் வீழ்த்தியது. 2022இல் ஜியோரையும் 2023இல் புடாபெஸ்ட்டின் சொந்த அணியான ஃபெரன்ட்ஸ்வாரோஷையும் வைப்பர்ஸ் அங்கேயே வென்றது. சாதகம் இருக்கிறது, அது மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. ஓடன்சேயும் இரண்டே கோலில்தான் தோற்றது. 2010இல் விபோர்க் வென்றதற்குப் பிறகு இறுதிக்கு வந்த முதல் டென்மார்க் அணி அது.

சாம்பியன்ஸ் லீக் மட்டுமே ஐரோப்பா அல்ல. அதற்குக் கீழே ஐரோப்பிய லீக், அதற்கும் கீழே ஐரோப்பியக் கோப்பை என்று இரண்டு படிகள் உண்டு. 2025இல் ஐரோப்பிய லீக்கை ஜெர்மனியின் துரிங்கர் அணி வென்றது. ஐரோப்பியக் கோப்பையை ஐஸ்லாந்தின் வலூர் வென்றது; அந்நாட்டின் பெண்கள் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பை வென்றது அதுவே முதல் முறை. பெரிய போட்டியில் நுழைய முடியாத நாடுகளுக்கு இந்தப் படிகளே வாசல்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன முடிவைத் திரும்பப் பார்க்கலாம். ஜியோரின் வெற்றிக்கு ஆட்டத் திறமையோடு ஓர் அடித்தளமும் உண்டு. 1948இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அணியாகத் தொடங்கிய கிளப் அது. இன்று அந்நகரில் ஆலை வைத்திருக்கும் ஆடி கார் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹங்கேரியில் 2011 முதல் நிறுவனங்கள் தங்கள் வரியில் ஒரு பகுதியை ஹேண்ட்பால் உள்ளிட்ட சில குழு விளையாட்டுகளுக்குத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லா நாட்டுக் கிளப்புகளுக்கும் இப்படிப்பட்ட நிலையான வருமானம் இல்லை.

ஆடுகளத்தில் யார் சிறந்தவர் என்பதைக் கண்டுபிடிக்க இந்த வடிவம் நன்றாகவே உதவுகிறது என்பது என் கருத்து. நீண்ட குழுச் சுற்று தற்செயலைக் குறைக்கிறது. ஃபைனல் ஃபோர் மக்களை இழுக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மூன்று முறை சாம்பியனான ஒரு கிளப் சீசன் நடுவில் இல்லாமல் போகிறது என்றால், ஒரு கிளப்பின் வெற்றிகள் அதன் கணக்குப் புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்றே பொருள். அரங்கத்தின் இருக்கைகளையும் தொலைக்காட்சி வெளிச்சத்தையும் பார்த்து இடம் தரும் போட்டி, சீசன் முடியும்வரை சம்பளம் கொடுக்கக் கிளப்பிடம் பணம் இருக்கிறதா என்பதையும் அதே அக்கறையோடு, ஆண்டு நடுவிலும் பார்க்க வேண்டும். ஒரு கிளப் வீழ்ந்தால் அதன் ஆட்டக்காரர்கள் வேலையை இழக்கிறார்கள். மற்ற ஏழு அணிகள் தாங்கள் உழைத்துச் சேர்த்த முடிவுகளை இழக்கின்றன. போட்டியின் நேர்மை கிளப்புகளின் நிதிநிலையையும் சார்ந்தது என்பதே 2024-25 சீசன் விட்டுச்சென்ற பாடம்.