பழம் சாப்பிட்டா 'மூட்' மாறுமா? 14 நாள் ஆய்வு சொல்வது என்ன?

வேளச்சேரியில் பிஜி, ஹாஸ்டல்களில் தங்கி வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற இளைஞர்கள் ஏராளம். காலையில் டீ, பிஸ்கட். ராத்திரி பரோட்டா அல்லது ஆன்லைன் ஆர்டர். பழம்? 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போகிறது. இதற்கும் மனசு டல்லா இருப்பதற்கும் தொடர்பு உண்டா?

ஆய்வு என்ன சொல்கிறது?

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 18 முதல் 25 வயது வரையிலான 171 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குத் தினமும் இரண்டு பங்கு பழமும் காய்கறியும் கையில் கொடுக்கப்பட்டன. இன்னொரு குழுவுக்கு வாங்கிக்கொள்ள கூப்பனும், 'சாப்பிடுங்க' என்று மெசேஜும் போனது. மூன்றாவது குழு வழக்கம்போல் சாப்பிட்டது.

14 நாளில் கையில் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு உற்சாகமும் செயலில் ஆர்வமும் கூடின. மெசேஜ் வந்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை!

அப்போ மனச்சோர்வு தீருமா?

இல்லை. அதே ஆய்வில் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் எந்தக் குழுவிலும் குறையவில்லை. இது இரண்டு வார ஆய்வுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

'வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கு, சாப்பிட்டா சந்தோஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் சரியல்ல. பழத்தில் உள்ள செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது.

என்ன செய்யலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்குத் தினமும் சுமார் 100 கிராம் பழம் தேவை. ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ போதும். கிவி, ஆப்பிள்தான் வேண்டும் என்றில்லை. வைட்டமின் சி-யில் ஆரஞ்சைவிடக் கொய்யா பல மடங்கு மேல். சர்க்கரை போட்ட ஜூஸ் இதற்கு மாற்று ஆகாது.

ஆய்வின் முக்கியப் பாடம் இதுதான்: அறிவுரையைவிட, கைக்கெட்டும் தூரத்தில் பழம் இருப்பதே பலன் தரும். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாட்டோடு ஒரு பழம் வைத்தாலே போதும். தனியாக இருப்பவர்கள் வேலை முடிந்து வரும்போதே வாங்கி, கண்ணில் படும் இடத்தில் வைக்கலாம்.

எப்போது உதவி தேவை?

இரண்டு வாரத்துக்கு மேல் சோகம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் பழத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். டெலிமானஸ் உதவி எண் 14416-ஐ இலவசமாக, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.