என்ஜின் வாங்குமுன் எழுத்துகளை வாசியுங்கள்

நமது வியாபாரிகளில் பலரின் பிழைப்பு ஒரு பழைய வேனில்தான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பாவித்த வேன்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னரும், வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரியின் கைக்கு அது எட்டுவதாயில்லை. எனவே என்ஜின் பழுதடைந்தால் வேனை விற்பதைவிட, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த என்ஜினொன்றைப் பொருத்துவதையே நம்மில் பலர் தெரிவு செய்கிறோம். அந்தத் தெரிவில் நான் செய்த பிழையை இங்கு எழுதுவது, மற்றொருவர் அதே பிழையைச் செய்யாதிருப்பதற்காகவே.

அக்குறணையிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வரை பிஸ்கட், இனிப்பு வகைகளைக் கடைகளுக்கு விநியோகிப்பது எனது தொழில். வேன் ஒரு டொயோட்டா டொல்பின். அதில் இருந்தது 2எல் டீசல் என்ஜின். ஒருநாள் பலகடுவ ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. சூட்டுமானியைக் கவனிக்காமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டியதால் ஹெட்டும் போயிற்று, புளொக்கும் போயிற்று.

கொழும்பில் ஒரு கடையில் இரண்டு என்ஜின்கள் காட்டினார்கள். ஒன்று சாதாரண 2எல். மற்றையது அதைவிட விலை குறைந்தது. "இதுவும் 2எல்தான் ஹாஜியார், டேர்போ வேறு இருக்கிறது, ஏற்றத்தில் பறக்கும்" என்றார் விற்றவர். கூட வந்த தம்பி, "நானா, பழையதைப் போலவே ஒன்றை எடுப்போம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. குறைந்த விலைக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறதென்று எண்ணினேன்.

கராஜில் இறக்கிய பிறகுதான் பாஸ் அதில் பொறித்திருந்ததை வாசித்துக் காட்டினார்: 2எல்-டிஈ. டொயோட்டாவின் குறியீட்டில் 'டி' என்பது டேர்போவையும், 'ஈ' என்பது எரிபொருள் செலுத்துவதை இலத்திரனியல் முறையில் கட்டுப்படுத்துவதையும் குறிக்கும். அதை இயக்கக் கொம்பியூட்டர் பெட்டியும் அதற்குரிய வயரிங்கும் வேண்டும். எனக்கு விற்ற என்ஜினுடன் அவை இரண்டும் இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். பற்றுச்சீட்டில் '2எல்' என்று மட்டுமே எழுதியிருந்ததால் என்னால் வாதாடவும் முடியவில்லை. சாதாரண பம்பைத் தேடி மாற்றி ஓடச் செய்ய ஐந்து வாரங்கள் சென்றன. என்ஜினின் விலையில் பாதிக்கு மேல் அதற்கே செலவாயிற்று. அந்த ஐந்து வாரத்தில் வேறொரு விநியோகத்தர் எனது கடைகளில் பதினொன்றைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் அதன் ஹெட்டிலும் வெடிப்பு. கடைசியில் தம்பி முதலில் காட்டிய அதே வகை 2எல்லைத்தான் வாங்கிப் போட்டோம். இன்றுவரை அதுவே ஓடுகிறது.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான்: வேனில் வேறெதையும் மாற்றச் சொல்லாத என்ஜினே மலிவான என்ஜின். ஒரு என்ஜினின் உண்மையான விலை, அதைப் பொருத்தி வேன் மீண்டும் சரக்குடன் புறப்படும் நாள்வரையான முழுச் செலவாகும். நின்ற நாட்களின் நட்டமும் அதில் அடங்கும்.

இதற்குச் சில காரியங்களைச் செய்தால் போதும். முதலில் உங்கள் வேனின் செஸி இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். அது 'எல்எச்' என்று தொடங்கினால், எல் வகை என்ஜினுக்காகச் செய்யப்பட்ட ஹையேஸ் என்று பொருள். லைட் ஏஸில் 'சிஎம்' என்றிருந்தால் அது சி வகை. அந்த வகைக்கு வெளியே போகாதீர்கள். 2எல் 2446 சிசி. 3எல் 2779 சிசி. 5எல் 2986 சிசி. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் 2எல் கிடைக்காதபோது 3எல் போடுவோர் உண்டு. அப்போதும் மவுண்டிங், ஒயில் சம்ப், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். ஹைலக்ஸில் இருந்து கழற்றியதற்கும் ஹையேஸில் இருந்து கழற்றியதற்கும் இவை வேறுபடலாம்.

இரண்டாவது, பாஸை அழைத்துச் செல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கொம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள். பொருத்துமுன் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டட், ஒயில் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். எல் வகை என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று தெரியாத என்ஜினில் பழைய பெல்ட்டை நம்புவது அறிவுடைமையல்ல.

மூன்றாவது, கடதாசி. என்ஜின் இலக்கமும் குறியீடும் முழுமையாக எழுதப்பட்ட பற்றுச்சீட்டையும், சுங்க ஆவணப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இலக்கத்தைப் பதியுங்கள். வாகனப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் என்ஜினில் வேறோர் இலக்கமும் இருந்தால், வேனை விற்கும் நாளிலும் லீசிங் கேட்கும் நாளிலும் காப்புறுதிப் பணம் கோரும் நாளிலும் சிக்கல் வரும்.

உதிரிப்பாக வியாபாரத்திலுள்ள நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'டிஈ' என்ற இரண்டு எழுத்தைச் சொல்லாமல் விட்டது பொய்யல்ல என்று அந்தக் கடைக்காரர் நினைத்திருக்கலாம். ஆனால் பொருளின் குறையை மறைத்து விற்பது நமது வியாபார மரபல்ல. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அடுத்த என்ஜினை அவரிடமே வாங்கியிருப்பேன். அதன் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் என்ஜின் வாங்க இடம் கேட்டுவிட்டார்கள். ஒருவரையும் நான் அந்தக் கடைக்கு அனுப்பவில்லை.