வெளி யூனிட்டுக்கு இடம் பார்த்தோமா?

கோடம்பாக்கத்தில் டிரஸ்ட்புரம், ரங்கராஜபுரம் பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் ஏசி மாற்றும் வேலை நமக்குத் தொடர்ந்து வருகிறது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030-ஐ இலக்காகக் கொண்டு பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 காஸ் விலக்கப்பட்டு வருவதால், இந்த வேலை இன்னும் பெருகும். பழைய பெட்டியைக் கழற்றி, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியை வாங்குகிறார் வாடிக்கையாளர். நல்ல முடிவு. அதன் பலன் அவருடைய மின்கட்டணத்தில் தெரிவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

ஏசியும் ஹீட் பம்ப்தான். 1.5 டன் ஏசி முழுத்திறனில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. தான் இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ ஆறரை கிலோவாட்டை வெளியே தள்ளுகிறது. அவுட்டோர் யூனிட்டுக்கென இடம் விடாமல் கட்டிய வீடுகளில், குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக யூனிட்டுகளைத் தொங்கவிடுகிறோம். கீழ்வீடு கக்கும் சூட்டை மேல்வீட்டு யூனிட் உள்ளிழுக்கிறது.

நட்சத்திரத்தை முடிவு செய்யும் ஐஎஸ்இஇஆர் கணக்கு, 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்துக்கும் ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கும் போடப்பட்டது. அக்னி நட்சத்திரப் பிற்பகலில், மூடிய டக்ட்டின் உச்சியில் அந்த வரம்பே மீறப்படலாம். கண்டென்சர் வெப்பத்தைக் கழிக்க முடியாமல் திணறினால் கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரம் இழுக்கும், குளிர்ச்சியும் குறையும். அதை ‘காஸ் கம்மி’ என்று எண்ணி மேலும் ஏற்றினால் நிலைமை இன்னும் கெடும். பல புதிய ஏசிகளில் உள்ள ஆர்-32 காஸ் தீப்பற்றும் தன்மையுள்ளது என்பதால், காற்றோட்டமில்லாத டக்ட்டில் கசிவு ஆபத்தும் சேர்கிறது.

வெளிச்சுவரும் மொட்டைமாடியும் எல்லாருக்கும் பொது. எனவே ஒரு வீட்டுக்காரரிடம் மட்டும் பேசாமல் குடியிருப்போர் சங்கத்திடம் பேசுவோம். வெள்ளையடிக்கச் சாரம் கட்டும் சமயத்திலேயே எல்லா வீட்டுக்கும் வெளிச்சுவரில் பிராக்கெட் அடித்துவிடலாம். மாடிக்குக் கொண்டுபோனால், தயாரிப்பாளர் சொல்லும் குழாய் நீள வரம்பைத் தாண்டக்கூடாது. கூடுதல் காஸை எடைபோட்டே ஏற்ற வேண்டும். வாக்யூம் எடுப்பதைத் தவிர்க்கவே கூடாது.

நம் தொழிலினருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டு ஏசிகளும் ஓடும் பிற்பகலில், அவுட்டோர் யூனிட் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை அளந்து வேலைச்சீட்டில் எழுதுங்கள். அது வெளிக்காற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருந்தால், யூனிட்டின் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கொடுத்த விலைக்கு உரிய சிக்கனத்தை அவரிடம் சேர்ப்பது நம் கடமை.